எந்த டாக்டரிடம் போவது, யாரைக் கேட்பது?

ராசிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தின் காலனித் தெரு. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போகும் அந்தப் பெண்ணுக்கு வயது 31. திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. நாம் விஷயத்தைச் சொன்னதும் கட்டிலுக்கு அடியில் இருந்து ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை இழுத்து வைத்தார். உள்ளே நான்கு மருத்துவமனைகளின் ஃபைல்கள்.

“ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. பழைய ஃபைலை நீட்டுனா, அது செல்லாதுன்னு தள்ளி வச்சிருவாங்க. நமக்கு என்ன தெரியுமுங்க?” என்றார்.

நான்கையும் திண்ணையில் பரப்பிப் பார்த்தோம். வயிற்று ஸ்கேன் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை இரண்டில். கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ட்யூப் டெஸ்ட் இரண்டில். கணவரின் விந்துப் பரிசோதனை? அது நான்காவது ஃபைலில்தான் வருகிறது. முதல் மருத்துவமனைக்குப் போய் ஆறு ஆண்டு கழித்து. அதுவும் டாக்டர் கேட்டு எடுத்ததல்ல. லேப் டெக்னீஷியன் படிப்புப் படிக்கும் நங்கையா மகள் விடுமுறைக்கு வந்தபோது ஃபைல்களைப் புரட்டிவிட்டு, “எல்லாம் அத்தை ரிப்போர்ட்டாவே இருக்கு, மாமா ரிப்போர்ட் எங்க?” என்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு எடுத்ததுதான். உயிரணு எண்ணிக்கை குறைவு என்று வந்தது.

சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை அது. அதற்கு முன்பே மூன்று லட்சத்துக்கு மேல் செலவாகிவிட்டது. தாலிக்கொடி அடகில் இருக்கிறது. இரண்டு குழு லோன் ஓடுகிறது. ஒன்றின் தவணை திங்கட்கிழமை, மற்றொன்று வியாழக்கிழமை.

முதல் டாக்டரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டோம். டவுன் பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தாராம். இரண்டாவது, கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச ஆலோசனை முகாம். மூன்றாவது, டி.வி.யில் காலை நேரத்தில் பேசிய டாக்டர். நான்காவது, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் சொன்னது. தானே சிகிச்சை எடுத்துக்கொண்டு, இவர் நல்லவர், அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு ஆள்கூட இந்த நான்கில் இல்லை.

ஓமலூர், சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு, பள்ளிபாளையம், சேந்தமங்கலம் பகுதிகளில் நாம் பேசிய பெண்கள் எல்லோரிடமும் இதே கேள்வியைக் கேட்டோம். பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. ஊர்த்தெருவில் குழந்தையில்லாத பெண்ணுக்கு டாக்டர் பெயர் உறவில் வருகிறது. கோவையில் இருக்கும் சித்தி மகள், ஈரோட்டில் கடை வைத்திருக்கும் மச்சான், பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் தங்கை என்று ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு அனுபவம் சொல்வார்கள். அதில் நாலு பெயரை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. காலனியில் அந்தச் செலவைச் செய்து வெளியே வந்தவர்களே குறைவு. செய்தவர்களும் வெளியே சொல்வதில்லை.

சங்ககிரி பக்கம் ஒரு பெண் சொன்னது மனதில் நின்றுவிட்டது. அவர் களையெடுக்கப் போகும் தோட்டத்து வீட்டு மருமகளுக்கு நான்கு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு இரட்டைக் குழந்தை. அந்தக் குழந்தைகளின் துணியைத் துவைத்துப் போட்டதே இவர்தான். “எந்த டாக்டருன்னு ஒரு வார்த்தை கேட்கோணும்னு வாய் வரைக்கும் வரும். கேட்டா, உனக்கெதுக்குடி அந்த ஆஸ்பத்திரின்னு நினைப்பாங்களோன்னு விட்டுட்டேன்” என்றார். அந்த வீட்டுப் பெண் கேட்டால் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் கேட்கவே முடியாத இடத்தில் இவரை நிறுத்தி வைத்திருப்பது எது என்பது இந்தப் பகுதி வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சரி, அரசு சொல்லுமா? கிராம சுகாதார செவிலியர் காலனிக்கு வருகிறார். நல்ல வேலையும் செய்கிறார். ஆனால் அவர் வேலையின் கவனம் பெரும்பாலும் கர்ப்பம் தரித்தவர்கள் மேல்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு பிக்மி எண் உண்டு, சத்து மருந்து உண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்ட நிதி உண்டு. கர்ப்பமே ஆகாதவளுக்கு அவை எதுவும் இல்லை. “நர்சம்மா பக்கத்து வீடு வரைக்கும் வருவாங்க. என் வீட்டைத் தாண்டிப் போயிருவாங்க” என்றார் ஓமலூர் பகுதியைச் சேர்ந்த ஒருவர். செவிலியரைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய நாடு இது. குழந்தை வேண்டாம் என்றால் அறுவை சிகிச்சைக்கு வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். வேண்டும் என்பவர்களுக்குத் தனியார் விளம்பரப் பலகைதான் வழிகாட்டி. பிள்ளைப்பேறு பெண்ணின் முடிவாக இருக்க வேண்டும் என்பது நம் இயக்கத்துக்குப் புதிய பேச்சல்ல. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்ற தீர்மானத்தை அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கொண்டுவந்தது. அது தோற்றது. பெறாமல் இருக்கும் உரிமைக்கு அன்று வாதாடியவர்களின் வழியில் வந்த நாம், பெற விரும்புகிறவர்களின் உரிமையைப் பற்றி இதுவரை அதிகம் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி மருத்துவ விஷயம். கருத்தடை இல்லாமல் ஓராண்டு இயல்பாகச் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் அதைக் குழந்தையின்மை என்று கணக்கிடுகிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதை எதிர்கொள்கிறார். காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பங்கும் இருக்கிறது. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். நெருக்கமான வீடுகளிலும் பட்டறைகளிலும் வாழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நுரையீரலில் எந்த அறிகுறியும் இல்லாமல் கருப்பையிலும் குழாயிலும் மட்டும் இந்நோய் இருக்க முடியும். காசநோய்க்கு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

“சேர்ந்து வாழ்ந்தும்” என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகின்றன. நாமக்கல்லின் லாரிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. ரிக் வண்டியில் குழாய் தூக்கும் வேலைக்குப் போகிற நம் இளைஞர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. பெண்ணுக்குக் கரு உருவாக வாய்ப்புள்ள நாட்கள் மாதத்தில் ஐந்தாறுதான். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்கள் முன்பாகக் கருமுட்டை வெளிவருகிறது, அதை ஒட்டிய நாட்கள் அவை. திருச்செங்கோடு அருகே நாம் சந்தித்த ஒரு தம்பதியிடம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். திருமணமாகி மூன்று ஆண்டில் அவர்கள் ஒன்றாக இருந்தது மொத்தமே நான்கைந்து மாதம்! இரண்டாவது ஆண்டிலேயே அந்தப் பெண்ணுக்கு ஊசி தொடங்கிவிட்டார்கள். கணவர் என்ன வேலை செய்கிறார், எப்போது வீட்டில் இருப்பார் என்று எந்த டாக்டரும் கேட்கவில்லையாம். ஒரு டாக்டர் நல்லவரா என்று அறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் நாளே இருவரையும் உட்காரவைத்து, வேலை, வாழ்க்கை, பழைய நோய், பழைய ஃபைல் எல்லாவற்றையும் கேட்பவரா, இல்லை பேனாவை எடுத்ததும் ஸ்கேன் எழுதுபவரா?

ஆண்களிடமும் பேசினோம். வெளிப்படையாகப் பேசியவர்கள் இருவர்தான். “டெஸ்ட்டுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும்னு பயந்தேன். மூணு வருஷம் அவளை மட்டும் அனுப்பிச்சேன்” என்றார் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர். எதிரே உட்கார்ந்திருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

விளம்பரப் பலகைகளில் ‘70 சதவீத வெற்றி’, ‘80 சதவீத வெற்றி’ என்று பார்க்கிறோம். எதில் 70? ஊசி போட்டு 15-வது நாள் ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தாலே சிலர் அதை வெற்றியாக எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஒரு பகுதி கலைந்துவிடும். குழந்தை கையில் வந்ததுதான் பெற்றோருக்கு வெற்றி. மருத்துவமனைகளின் கணக்கை அரசு அமைப்பே வாங்கி வெளியிடும் பிரிட்டனில், 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வைக்கப்படும் கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகப் பிறக்கிறது. நாற்பதைத் தாண்டினால் அது மிகவும் குறைந்துவிடுகிறது. எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “என் வயதில், என் பிரச்சினை உள்ள பத்துப் பேருக்குச் செய்தால் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்?” இதைக் கேட்டால் கோபப்படும் இடத்தில் பணம் கட்டாமல் எழுந்து வருவதே நல்லது.

இதைச் சொல்வது எளிது என்பது நமக்குத் தெரியும். வரவேற்பறையில் ‘வா, போ’ என்று ஒருமையில் அழைக்கப்படும் பெண், டாக்டரிடம் சதவீதக் கணக்கு கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! சேந்தமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர், தான் போன மூன்று மருத்துவமனைகளில் ஒன்றையே விரும்புவதாகச் சொன்னார். கட்டணம் அங்கேதான் அதிகம். பிறகு ஏன் பிடித்தது? “அந்த டாக்டரம்மா என்னை உக்காருங்கம்மான்னு சொன்னாங்க” என்றார். மரியாதை கிடைத்த இடத்தைத் தேடிப் போவதில் தவறில்லை. ஆனால் மரியாதைக்காக ஒரு தொகை கூடுதலாகக் கட்டும் நிலையில் நம் பெண்கள் இருக்கிறார்கள் என்பது சாதியின் இன்னொரு வசூல்.

சட்டம் இருக்கிறது. இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. கருத்தரிப்பு மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். கருப்பைக்குள் விந்தணுவைச் செலுத்தும் ஐ.யு.ஐ. வரை செய்யும் இடம் முதல் நிலை. டெஸ்ட் ட்யூப் முறை எனப்படும் ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். அங்கே மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது, கருவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் அதில் உள்ளதைப் புரியும்படி சொல்ல வேண்டும். நாம் பார்த்த நான்கு ஃபைல்களிலும் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கையெழுத்து தமிழில் இருந்தது.

இந்தச் சட்டம் நம் பெண்களை இன்னொரு பக்கத்திலும் தொடுகிறது. கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. தரகர் வைத்து ஆள் பிடிப்பது குற்றம். சட்டம் வந்த சில மாதங்களிலேயே, 2022 ஜூன் மாதம், ஈரோட்டில் என்ன வெளிவந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. 16 வயதுச் சிறுமியை வயதைக் கூட்டிக் காட்டும் போலி ஆதாருடன் கருமுட்டை எடுக்கப் பலமுறை அனுப்பியிருக்கிறார்கள். தாயும் தரகரும் கைதானார்கள். ஈரோடு, பெருந்துறை, சேலம், ஓசூர் என்று தனியார் மருத்துவமனைகள் விசாரணைக்குள் வந்தன. அரசு நடவடிக்கை எடுத்தது. ஒரு குழந்தையின் உடலில் இருந்து எடுத்ததை யாரோ ஒரு தம்பதி, டாக்டரை நம்பி, லட்சக்கணக்கில் கட்டி வாங்கியிருக்கிறார்கள். டாக்டரைத் தேர்ந்தெடுப்பது நம் குழந்தைக்காக மட்டும் எடுக்கும் முடிவல்ல என்று நாம் சொல்வது இதனால்தான். முட்டை எங்கிருந்து வருகிறது, பதிவு பெற்ற வங்கி வழியாக வருகிறதா என்று கேட்கும் கடமை வாங்குபவருக்கும் உண்டு.

தறிப்பட்டறைக் கடனுக்கு உடலை விற்பது இந்தக் காவிரிக் கரையில் புதிதல்ல. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. கருமுட்டைத் தரகர்களும் அதே கடன் நோட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

எடப்பாடி பக்கம் ஒரு தம்பதி சொன்னது வேறு விதம். தானமுட்டை தேவைப்படும் என்று சொன்ன ஒரு மையத்தில், “உங்க ஆளுங்களோடது வேணுமா, வேற வேணுமா? வேறன்னா ரேட் கூட” என்று ஊழியர் கேட்டிருக்கிறார். தானம் தருபவரின் அடையாளம் ரகசியம் என்கிறது சட்டம். நுண்ணோக்கியில் சாதி தெரிவதுமில்லை. ஆனால் ரேட் கார்டில் மட்டும் தெரிகிறது! அந்தத் தம்பதி அங்கே மறுபடி போகவில்லை. போகாததற்குக் காரணம் பணமா, அவமானமா என்று கேட்டோம். கணவர், “ரெண்டும்தானுங்க” என்றார்.

சிகிச்சையில் தோற்றவர்கள் கடைசியில் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளை விற்றதாகக் கைதானார். வெளியான ஆடியோவில் ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்பதை வைத்து விலை பேசப்பட்டது. கொல்லிமலைப் பழங்குடிக் குடும்பங்களின் குழந்தைகள் வரை விசாரணை போனது. 2023-ல் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவர் ஒருவரே குழந்தை விற்பனை வழக்கில் கைது செய்யப்பட்டார். குழந்தையில்லாதவர்களின் ஏக்கம் ஒரு பக்கம், பெற்றவர்களின் வறுமை மறுபக்கம், நடுவில் தரகர். தத்தெடுக்க நேர்வழி உண்டு. ஆட்சியர் அலுவலகம் வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகினால் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவுக்கு உதவுவார்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும், ஆனால் அங்கே சாதிக்கு விலையில்லை.

திருச்செங்கோடு மலையில் வறடிக்கல் இருக்கிறது. குழந்தை வேண்டி அதைச் சுற்றுவது பழைய வழக்கம். அந்த ஊரின் குழந்தையற்ற தம்பதியைப் பற்றிய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பேச்சுக்கு நடுவிலும், ‘மலடி’ என்ற சொல்லைத் தினமும் கேட்கும் பெண்கள் என்ன மருத்துவம் பார்க்கிறார்கள், யார் செலவு செய்கிறார்கள் என்று யாரும் பேசியதாக நமக்கு நினைவில்லை.

அரசு மருத்துவமனையில் என்ன கிடைக்கும்? நாம் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் இதற்கெல்லாம் பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் கிடையாது என்றே நினைத்திருந்தார்கள். உண்மை அப்படியல்ல. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மகப்பேறு புறநோயாளிப் பிரிவுக்குத் தம்பதியாகப் போனால் அடிப்படைப் பரிசோதனைகளைத் தொடங்கலாம். ஸ்கேன், தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை, விந்துப் பரிசோதனை ஆகியவற்றுக்கு லட்சங்கள் தேவையில்லை. முட்டை வளர மாத்திரை, தைராய்டு மருந்து, காசநோய் மருந்து, உடல் எடைக் குறைப்பு என்று எளிய சிகிச்சையிலேயே கருத்தரிப்பவர்கள் பலர். ஐ.வி.எஃப். தேவைப்படுவது ஒரு பகுதியினருக்குத்தான்.

அந்தப் பகுதியினருக்கு அரசு வழி இன்னும் தூரம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் அமைக்கப்பட்டிருக்கிறது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கும் அறிவிக்கப்பட்டது. சேலத்தில் இருந்து எழும்பூருக்கு ரயில் இருக்கிறது, சரிதான். ஆனால் முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஒரே மாதத்தில் பலமுறை ஸ்கேனுக்குப் போக வேண்டும். தினக்கூலிப் பெண் அத்தனை நாள் வேலையை விட்டுச் சென்னையில் எங்கே தங்குவார்? தனியாரில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். ஒன்றரை, இரண்டு லட்சத்தைத் தாண்டும் நிலையில், மேற்கு மாவட்டங்களுக்குச் சேலத்திலேயே அரசு மையம் வேண்டும் என்பதைக் கோரிக்கையாகவே வைக்கிறோம். கிராம சுகாதார செவிலியர் குழந்தையில்லாதவர்களின் வீட்டுக்கும் வர வேண்டும் என்பதையும்.

நர்சிங், லேப் டெக்னீஷியன், பார்மசி படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது உங்கள் தெருவில் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலாவது இப்படி ஒரு பை இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ராசிபுரத்துப் பெண்ணின் ஆறு ஆண்டுக் குழப்பத்தை அவிழ்த்தது முதல் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ஒற்றைக் கேள்விதான்.

அந்தத் தம்பதி இப்போது சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கணவர் புகையிலையை விட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். புதிய உயிரணு உருவாகி முதிர்வதற்கு அவ்வளவு காலம் ஆகுமாம். நாம் கிளம்பும்போது நான்கு ஃபைல்களையும் அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், கணவரின் ரிப்போர்ட்டை மட்டும் தனியே எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். “இதைத்தான் மொதல்ல காட்டோணும்னு நங்கையா மவ சொல்லியிருக்கு” என்றார்.